அப்பா ஓட்டிப் பார்த்த நாற்காலி

வானொலி நாடகத்தில் குதிரை ஓட வேண்டுமென்றால் குதிரை தேவையில்லை. இரண்டு கொட்டாங்குச்சிகள் போதும். நெருப்பு எரிய வேண்டுமென்றால் மொறமொறப்பான பிளாஸ்டிக் தாளை ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் கசக்கினால் போதும். ஊடகத்துறையில் பட்டம் படித்த நாளில் விரிவுரையாளர் ஒருவர் இதைச் செய்து காட்டியபோது வகுப்பே சிரித்தது. எல்லாரையும் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு மறுபடியும் செய்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. சரியான நேரத்தில் காதுக்கு ஒரு சின்னக் குறிப்பைக் கொடுத்துவிட்டால் மீதியை மனமே கட்டிக்கொள்கிறது. பத்தாண்டுக்கு மேலாக என் பிழைப்பு இந்த ஒரு பாடத்தை நம்பித்தான் ஓடுகிறது.

ஆனால், கேட்பது மட்டுமே காதின் வேலை இல்லை. அதன் இன்னொரு வேலையை நான் கற்றுக்கொண்டது ஒலிபரப்புக் கூடத்தில் அன்று. கிள்ளானில் எங்கள் வீட்டுப் பின்னறையில், ஒரு நாற்காலியைக் கட்டும்போது.

"இது என்ன, சலூன் நாற்காலியா? வீட்டுல யாருக்கு முடி வெட்டப் போற?" என்று அம்மா கேட்டார். பார்க்க அப்படித்தான் இருந்தது. கணினியில் கார் பந்தயம் விளையாடும்போது, திரையில் கார் என்ன செய்கிறதோ அதற்கேற்ப நம்மையும் அசைக்கிற நாற்காலி அது. பிரேக் மிதித்தால் முன்னால் சாயும். எண்ணெய் கொடுத்தால் பின்னால் சாயும். வளைவில் பக்கவாட்டில் சாயும். 'மோஷன் சிமுலேட்டர்' என்பார்கள். கடையில் புதிதாக வாங்கினால் ஒரு பழைய மைவி வாங்கும் காசு ஆகும். அதனால்தான் உலகமெங்கும் பலர் இதை வீட்டிலேயே கட்டுகிறார்கள்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது 2020-இல், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்தபோது. உலகப் பந்தயங்கள் எல்லாம் நின்றுபோன அந்த மாதங்களில் ஃபார்முலா 1 அமைப்பே கணினியில் பந்தயம் நடத்தியது. நிஜ ஓட்டுநர்கள் சிலர் வீட்டில் உட்கார்ந்தபடி அதில் ஓட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் லாஜிடெக் ஜி29 ஸ்டியரிங் ஒன்றை வாங்கினேன். அது கையில் அதிரும். சாலையின் மேடு பள்ளத்தைச் சொல்லும். ஆனால் முதுகுக்கு ஒன்றும் தெரியாது. 300 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் மிதித்தாலும், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கும்.

அந்த ஆசையை மூன்று ஆண்டுகள் தள்ளிப்போட்டேன். கடைசியில் தொடங்க வைத்தது அப்பாவின் சாவி.

அப்பா 34 ஆண்டுகள் லோரி ஓட்டியவர். கிள்ளான் துறைமுகத்திலிருந்து பினாங்குக்கும் ஜொகூருக்கும் சரக்கு. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994-இல் முழுதாகத் திறக்கப்படுவதற்கு முன்பு, தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், பீடோர், தாப்பா என்று ஊர் ஊராக நுழைந்து வெளியேறும் பழைய சாலையில் ஓட்டிய தலைமுறை. ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் பழைய சாகாவை அவர்தான் வைத்திருந்தார். அம்மாவைச் சந்தைக்கும் கோயிலுக்கும் கூட்டிப்போவது அவர் வேலை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கிளௌகோமா என்னும் கண் அழுத்த நோய் இருப்பது தெரிந்தது. அந்த நோய் பெரும்பாலும் சத்தமில்லாமல் ஓரப் பார்வையிலிருந்து தின்னத் தொடங்கும். நேரே இருப்பது தெரியும். பக்கத்திலிருந்து வருவது தெரியாது. பார்வைப் பரப்பைச் சோதித்த தாளை மருத்துவர் காட்டியபோது இரண்டு ஓரங்களும் கறுத்துக் கிடந்தன. இனி ஓட்ட வேண்டாம் என்றார். ஜொகூரிலிருந்து தம்பி வந்து சாவியைக் கேட்டான். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தார். அதை வாங்கி என் கைப்பையில் வைத்துக்கொண்டவள் நான்.

அன்றிலிருந்து காரில் என் இடப்பக்கம் உட்கார்ந்து வருகிறார். வழி சொல்ல மாட்டார். குறை சொல்ல மாட்டார். ஆனால் முன்னால் ஒரு கார் நின்றால், அவருடைய வலது கால் வெறும் தரையை அழுத்தும். என் காலுக்கு முன்பே அழுத்தும்.

நாற்காலி வேலையைப் பின்னறையில் தொடங்கியபோது அப்பாவை நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வர மாட்டார். பழைய கார்களை வெட்டிப் பாகம் பாகமாக விற்கும் 'பொத்தோங்' கடையில் இரண்டு வைப்பர் மோட்டார்கள் வாங்கினேன். ஒன்று 60 வெள்ளி. அதே கடையில் ஒரு பழைய பந்தய இருக்கை 150 வெள்ளிக்குக் கிடைத்தது. அர்டுயீனோ என்னும் சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று, மோட்டாரை இரு திசையிலும் ஓட்டும் மின்பலகைகள் இரண்டு, 12 வோல்ட் மின்வழங்கி ஒன்று. சட்டத்தைப் பற்றவைக்கப் பக்கத்துத் தாமானில் வீட்டு கிரில் அடிக்கும் சீன அங்கிளிடம் போனேன். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கதவா, ஜன்னலா?" என்று கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டு, கூலியைக் குறைத்துக்கொண்டு, முடிந்ததும் உட்கார்ந்து பார்க்க வருவேன் என்றார். ஸ்டியரிங்கும் கணினியும் முன்பே இருந்ததால் மொத்தச் செலவு ஆயிரம் வெள்ளிக்குள் அடங்கியது.

இதன் அமைப்பு எளிமையானது. இருக்கைக்கு அடியில், நடுவில், எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஒரு மூட்டு. இருக்கையின் பின்னால் இடமும் வலமும் ஒவ்வொரு மோட்டார். இரண்டும் சேர்ந்து தள்ளினால் நாற்காலி முன்னால் சாயும். சேர்ந்து இழுத்தால் பின்னால் சாயும். ஒன்று தள்ள, மற்றது இழுத்தால் பக்கவாட்டில் சாயும். விளையாட்டு மென்பொருள், கார் எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளப்படுகிறது என்ற கணக்கை நொடிக்கு 60 தடவை வரை வெளியே அனுப்பும். சிம்டூல்ஸ் என்ற இன்னொரு மென்பொருள் அதை வாங்கி, மோட்டார் எங்கே நிற்க வேண்டும் என்று அர்டுயீனோவுக்குச் சொல்லும். மோட்டாரின் அச்சில், வானொலிப் பெட்டியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு போன்ற ஒரு சாமான் பொருத்தியிருக்கும். மோட்டார் இப்போது எங்கே நிற்கிறது என்பதை அது திருப்பிச் சொல்லும். போக வேண்டிய இடத்துக்கும் நிற்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைத்துக்கொண்டே இருப்பதுதான் அர்டுயீனோவின் ஓயாத வேலை.

நடு மூட்டுக்கு என்ன போடுவது என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான் அப்பா முதன்முறையாக அறை வாசலில் வந்து நின்றார்.

"எதுக்கு இவ்வளவு யோசனை? புரொப்பெல்லர் ஷாஃப்ட்ல ஒரு குறுக்கு ஜாயிண்ட் இருக்குமே. அதைப் போடு. பத்து டன்னைத் தாங்குறது உன்னைத் தாங்காதா?"

அவர் சொன்னது சரி. எஞ்சினின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டில் இருக்கும் யூனிவர்சல் ஜாயிண்ட். வீட்டில் இப்படி நாற்காலி கட்டுபவர்கள் பலரும் அதைத்தான் போடுகிறார்கள். மறுநாள் அப்பாவே தன் பழைய போமன் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, கழற்றிப் போட்ட ஜாயிண்ட் ஒன்றை வரவழைத்தார். கிரீஸும் அவரே போட்டார். போட்டுவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டார்.

நாற்காலி ஆடத் தொடங்கிய மாலையில் அப்பாவை உட்காரச் சொன்னேன். அவர் என்னையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாவியை வாங்கிட்டு விளையாட்டுச் சாமான் கொடுக்குறியா, பாப்பா?"

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். நான் மோட்டாரை அணைத்தேன். அன்று அதைப் பற்றி மேற்கொண்டு யாரும் பேசவில்லை.

சில நாள் கழித்துச் சாப்பிடும்போது, அப்பாவைப் பார்க்காமல் அம்மாவிடம் ஒரு கதை சொன்னேன். வானொலியில் பேசும் பழக்கம். ஒருவரிடம் பேசுவது போல இன்னொருவருக்குச் சொல்வது. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்று ஒருவர். அவருடைய அப்பா பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தவர். ஆர்கனில் காற்றடிக்கும் துருத்திகளை எடுத்து, 1920களின் இறுதியில், தரையில் நின்றபடியே சாய்ந்து திரும்பும் ஒரு குட்டி விமானத்தை மகன் கட்டினார். விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கத்தான் கட்டினார். ஆனால் முதலில் அதை வாங்கியவை கேளிக்கைப் பூங்காக்கள். காசு போட்டால் ஆடும் விளையாட்டுச் சாமான். 1934-இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் எடுத்துச் செல்லும் வேலையில் இறங்கினார்கள். மோசமான வானிலையில், வெளியே ஒன்றும் தெரியாத நிலையில், பலர் விழுந்து மாண்டார்கள். அதன்பிறகுதான் ராணுவம் லிங்கைத் தேடி வந்து 6 இயந்திரங்கள் வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கான விமானிகள் அதில் உட்கார்ந்து பழகினார்கள்.

அம்மா, "அப்படியா?" என்றார். அப்பா ரசத்தை ஊற்றிக்கொண்டார். ஆனால் அன்றிரவு பதினொரு மணிக்குப் பின்னறையில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தேன். மோட்டாரைப் போடாமல், சும்மா இருக்கையில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடு. எப்படித்தான் ஆடுதுன்னு பாப்போம்."

எஃப்1 2017 விளையாட்டில் செப்பாங் பாதையைப் போட்டேன். ஹெர்மன் டில்கே வடிவமைத்த, 15 வளைவுகளும் 5.543 கிலோமீட்டர் நீளமும் கொண்ட நம் ஊர்ப் பாதை. 1999-இல் அங்கு முதல் ஃபார்முலா 1 பந்தயம் நடந்தது, 2017-இல் கடைசி. அதன்பின் ஃபார்முலா 1 அங்கு வரவில்லை என்பதால், இனி அந்தப் பாதையில் அந்தக் காரை இப்படித்தான் ஓட்ட முடியும். அப்பாவுக்குச் செப்பாங் பழக்கம், பார்வையாளராக இல்லை. விமான நிலையச் சரக்குக் கிடங்குக்கு லோடு கொண்டுபோன நாள்களில், அந்த வி10 எஞ்சின்களின் அலறல் சாலைவரை கேட்கும் என்பார். 2001-லும் 2002-லும் நம் அலெக்ஸ் யூங் ஓட்டியதையும், 2005-இல் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் செப்பாங்கில் ஓட்டியதையும் இன்றும் சொல்வார்.

ஒரு சுற்று முடிந்தது. அப்பா இறங்கவில்லை.

"சும்மா தூக்கிப் போடுது. வண்டி இப்படி ஆடாது. பாதியாக் குறை."

குறைத்தேன். இன்னும் குறைக்கச் சொன்னார். கடைசியில் நாற்பது விழுக்காட்டில் வந்து நின்றோம். "நல்ல டிரைவர் ஓட்டினா டேஷ்போர்டுல வச்ச தேத்தண்ணி சிந்தாது. சிந்தலைன்னா வண்டி நகரலைன்னு அர்த்தமா?" என்றார்.

இதற்குப் பின்னால் ஓர் அறிவியல் இருக்கிறது. காதின் உட்புறத்தில், கேட்கும் பகுதிக்குப் பக்கத்திலேயே, மூன்று அரைவட்டக் குழாய்களும் இரண்டு சின்னப் பைகளும் உண்டு. குழாய்களுக்குள் இருக்கும் திரவம் தலை சுழல்வதைச் சொல்லும். பைகளுக்குள் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இருக்கின்றன. நாம் சாய்ந்தாலும் அவை சரியும். வண்டி வேகமெடுத்தாலும் சரியும். எதனால் சரிந்தோம் என்று அவற்றுக்குத் தனியே தெரியாது. அதனால், திரையில் சாலை வேகமாக ஓடும்போது நாற்காலியை மெதுவாகப் பத்து டிகிரி பின்னால் சாய்த்தால், நம் எடையில் ஆறில் ஒரு பங்கு முதுகில் அழுந்தும். சாய்ந்துவிட்டோம் என்று உடம்பு நினைக்காது. வண்டி வேகமெடுக்கிறது என்றே நினைக்கும். ஆனால் சட்டென்று சாய்த்தால் அரைவட்டக் குழாய்கள் காட்டிக் கொடுத்துவிடும். விமானிகளுக்கான சிமுலேட்டர்களில், நொடிக்கு இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் போகாமல் சாய்ப்பது இதனால்தான். பெரிதாக ஆட்டினால் ராட்டினம் ஆகிவிடும். சின்னதாக, நேரம் தவறாமல் அசைத்தால்தான் சாலை ஆகும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்பாவுக்கு உட்காரும் இடத்தில் தெரிந்திருந்தது.

அடுத்த வாரங்களில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் அப்பா உட்காருவார். நான் பக்கத்தில் மடிக்கணினியோடு தரையில் உட்காருவேன். அவர் சொல்வதை எண்ணாக மாற்றுவது என் வேலை. "இடது பக்கம் திருப்புனா உடம்பு வலது பக்கம்தான் போகணும். இது மோட்டார் சைக்கிள் இல்ல." சரி. "பிரேக் போட்டு நின்ன பிறகு, வண்டி ஒரு தடவை பின்னாடி உட்காரும். அது இதுல இல்ல." பிரேக் விசையையும் காரின் முன்பின் சாய்வையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைத்து அதைக் கொண்டுவர இரண்டு இரவுகள் பிடித்தன. "லோடு வண்டின்னா சரக்கு உன்கூடத் திரும்பாது. கொஞ்சம் பின்னாலதான் வரும்." பந்தயக் காரில் அப்படி இருக்காதே என்றேன். "அப்ப லோரிக்குத் தனியா ஒண்ணு போடு" என்றார். 2012-இல் செக் நாட்டு நிறுவனம் ஒன்று வெளியிட்ட யூரோ டிரக் சிமுலேட்டர் 2 விளையாட்டை வாங்கினேன். இப்போது எங்கள் நாற்காலிக்கு இரண்டு குணம் உண்டு. ஒன்று செப்பாங்குக்கு, மற்றது பத்து டன் சரக்கோடு இறக்கத்தில் போக. ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதைப் பக்கம் லோரியை எப்படி கியரில் பிடித்து இறக்குவது என்பதை முழு விளக்கத்தோடு நான் கேட்டது அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான். முப்பது வயது தாண்டும்வரை அப்பாவின் வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் எத்தனை மணிக்கு வீடு திரும்புவார் என்பது மட்டுமே.

ஓர் இரவு மோட்டார்களை அணைத்துவிட்டு, திரையை மட்டும் வைத்து ஓட்டச் சொன்னேன். ஒரு வளைவு போனதும் நிறுத்திவிட்டார்.

"இப்போ படம்தான் ஓடுது, பாப்பா. நான் ஓடல. நாற்காலி ஆடினாத்தான் நான் ஓடுறேன்."

எனக்கு நாற்காலி ஆடாவிட்டாலும் ஓரளவு ஓடுவது போலவே இருக்கும். பிறகுதான் காரணம் புரிந்தது. நாம் நகர்கிறோம் என்ற உணர்வைப் பெருமளவு தருவது கண்ணின் ஓரப் பார்வை. நம் ரயில் நிற்கும்போது பக்கத்து ரயில் கிளம்பினால், நாமே நகர்வது போலத் தோன்றுகிறதே, அதுபோல. அப்பாவுக்குப் போனது அந்த ஓரம்தான். கண் சொல்லாமல் விட்ட சேதியை அவருக்கு இப்போது முதுகும் காதும் சொல்கின்றன. சாவியைக் கொடுத்த பிறகு அவர் எதைத் தேடிக்கொண்டிருந்தார் என்பதும் அன்றுதான் எனக்கு விளங்கியது. அம்மாவைக் கூட்டிப்போக வாடகைக் கார் கூப்பிடலாம், என்னையும் கூப்பிடலாம். ஆனால் தன் கீழே ஒரு வண்டியின் எடை சரிவதை, யாரிடமும் கேட்டு வாங்க முடியாது.

இந்த நாற்காலி எதையும் குணப்படுத்தாது. அப்பா ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கப் போவதும் இல்லை. அதை அவர்தான் முதலில் சொன்னார்: "இதுல பக்கத்துல இருந்து பிள்ளைங்க ஓடி வராது. ரோட்டுல வரும்." கண் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போட்டுக்கொள்கிறார். ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. காரில் என் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது இப்போது பேசுகிறார். "ரெண்டாவது கியர்லயே இறங்கு" என்கிறார். நானும் கேட்கிறேன்.

இதைப் படித்துவிட்டுக் கட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். சில வைப்பர் மோட்டார்களில் மைனஸ் இணைப்பு மோட்டாரின் உறையிலேயே இருக்கும். இரு திசையிலும் ஓட்ட வேண்டுமென்றால் அதைப் பிரித்தெடுத்துத் தனிக் கம்பி கொடுக்க வேண்டும். உட்கார்ந்தவரின் கைக்கு எட்டும் இடத்தில், அடித்தவுடன் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சிவப்புப் பொத்தான் கட்டாயம். மோட்டாரின் கைகள் சுழலும் இடத்தை மூடி வையுங்கள். குழந்தைகளின் விரல் அங்கேதான் போகும். வைப்பர் மோட்டார் கண்ணாடி துடைக்கப் பிறந்தது. ஆள் எடை கூடினால் சூடாகும். இடையிடையே ஓய்வு கொடுங்கள். தலைசுற்றினால் உடனே நிறுத்துங்கள். அம்மா ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு எலுமிச்சம்பழம் கேட்டார்.

கிரில் அடித்த அங்கிள் சொன்னபடி வந்து, செப்பாங்கில் மூன்று சுற்று ஓட்டினார். அவர் போன பிறகு அப்பா நாற்காலியின் அடியில் குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னும் பின்னும் சாய்கிறது, இடமும் வலமும் சாய்கிறது. குழியில் இறங்கினால் மேலும் கீழும் குதிக்க வேண்டாமா என்றார். அதற்கு இன்னொரு மோட்டார் வேண்டும், சட்டத்தையும் மாற்ற வேண்டும் என்றேன்.

"நம்ம ஊர் ரோட்டுல குழி இல்லாம எப்படி?" என்றார். சனிக்கிழமை பொத்தோங் கடைக்கு நானும் வருகிறேன் என்று சட்டையை எடுத்து வைத்தார். "மோட்டார் ரெண்டா வாங்கு. ஒண்ணு ஸ்பேருக்கு."